யாராலும் வளர்க்கக்கூடிய செடி

செர்ரி தக்காளியை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்கிறார்கள். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. யூடியூபில் தொப்பி வைத்துக்கொண்டு பேசுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். மாடித் தோட்டம் பற்றி யாரிடம் கேட்டாலும், கீரைக்கு அடுத்தபடியாக இதன் பெயரைத்தான் சொல்வார்கள். இந்த 'யார் வேண்டுமானாலும்' என்கிற பெருங்கூட்டத்தில் என் பெயர் விடுபட்டுப்போனது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆர்க்கிட் செத்துப்போனால்கூட அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. 'அது ரொம்ப டெலிகேட் சார்' என்று நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். ரோஜா பட்டுப்போனால் மண்ணைக் குறை சொல்வார்கள். செர்ரி தக்காளி வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்பார்.

ஊற்றினேன். காரணங்களில் அதுவும் ஒன்று என்று பிற்பாடு தெரிந்தது.

2023 ஜூலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள். பாமாயிலுக்கு நின்று பழகிய வரிசையில் தக்காளிக்கும் நின்றோம். ரசத்தில் தக்காளி போட்டிருப்பதாக என் மனைவி சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். கரண்டி விட்டுத் தேடினால் கிடைக்காது.

'மாடியிலேயே வளர்த்துக்கொண்டால் என்ன?' என்ற ஞானம் அந்த வாரம்தான் எனக்கு உதித்தது. அதே வாரம் ஊரில் பாதிப் பேருக்கு உதித்திருக்கும். அவர்கள் நாட்டுத் தக்காளி விதை வாங்கினார்கள். நான் செர்ரி தக்காளி விதை வாங்கினேன். ரசத்துக்குத் தக்காளி இல்லை என்ற பிரச்சினையை சாலட் தக்காளி வளர்த்துத் தீர்க்கலாம் என்று முடிவெடுத்தவன் நான். எங்கள் வீட்டில் சாலட் சாப்பிடும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் பாக்கெட்டின் முன்பக்கத்துப் படம். கொத்துக்கு இருபது பழம், ஒவ்வொன்றும் கோலிகுண்டு சைஸ், மேலே பனித்துளி. அந்தப் பனித்துளி எந்த ஊர்ப் பனித்துளி என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஆன்லைனில் 'பை நவ்' பொத்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

விதை வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது. "ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்காதடா" என்றார் அம்மா. கல்யாணம் கூடாது, கிரகப்பிரவேசம் கூடாது, தக்காளியும் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் வேலையைத் தள்ளிப்போட உதவும் எந்தச் சம்பிரதாயத்தையும் நான் மனதார மதிப்பவன். பாக்கெட் சாமி அலமாரியில், சூடம் டப்பாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது.

ஆவணியில் முகூர்த்தங்கள். புரட்டாசியில் கொலு. ஐப்பசியில் மழை. மார்கழியில் கச்சேரி கேட்கப் போகாவிட்டாலும் கேன்டீனுக்குப் போக வேண்டியிருந்தது. இப்படியே ஒத்திப்போட்டுக் கடைசியில் சித்திரை முதல் நாள், நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து விதைத்தேன். சென்னையில் மொட்டை மாடியில் தக்காளி தொடங்க வருஷத்திலேயே இதைவிட மோசமான நாள் கிடையாது. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சாஸ்திரப்படி நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறவர். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். 'அப்புறம் ஏன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?' என்று நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

கேட்க முடியாத நிலைமை. கல்யாணமான புதிதில் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, இஸ்ரேலில் சொட்டுநீர்ப் பாசனம் எப்படி நடக்கிறது என்று அவருக்கு நின்றபடியே விரிவாக விளக்கியிருக்கிறேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அப்படிங்களா மாப்பிள்ளை" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நாங்கள் அப்போது நின்றுகொண்டிருந்தது அவருடைய சொட்டுநீர்க் குழாயின் மேல்.

ஆகவே, சொந்தப் புத்தியில் கோகோபீட் வாங்கினேன். மண் போட்டால் மாடிக்குக் கனம், தென்னை நார்க் கழிவு லேசு என்றார்கள். ஐந்து கிலோக் கட்டி. தண்ணீரில் ஊறினால் சுமார் 70 லிட்டர் அளவுக்கு உப்பும் என்று உறையில் அச்சடித்திருக்கிறார்கள். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். கட்டியை பாத்ரூமில் பெரிய வாளிக்குள் திணித்து, குழாயைத் திறந்துவிட்டு, ஆபீஸ் போன் ஒன்று பேசப் போனேன். திரும்பி வந்தபோது வாளியைக் காணவில்லை.

வாளி உள்ளேதான் எங்கோ இருந்தது. அன்று வீட்டில் யாரும் குளிக்கவில்லை. மறுநாள் குளித்தவர்கள் குளிப்பதற்கு முன்பைவிட அழுக்காக வெளியே வந்தார்கள்.

கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிய வேண்டும். அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, ஈரத்தைப் பிடித்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. கூடவே செம்மண்ணும் மண்புழு உரமும் கலக்க வேண்டும். இதெல்லாம் வீடியோவின் இரண்டாம் பாகத்தில் வருகிறது. நான் முதல் பாகத்தைப் பார்த்து லைக் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தக்காளி விதை மிகச் சின்னது. அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். நான் ஆள்காட்டி விரலை அடிவரைக்கும் இறக்கிக் குழி போட்டேன். ஆழமாக நட்டால் ஆழமாக வேர் பிடிக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பாதாளத்திலிருந்து ஏறி வரவேண்டிய விதைகளில் பல, வழியிலேயே மனம் மாறிவிட்டன.

தப்பித்து வந்தவற்றை வெயில் படாமல் பத்திரமாக ஜன்னலோரம் வைத்து வளர்த்தேன். நாற்றுகள் சடசடவென்று உயர்ந்தன. தேர் பார்க்கப் போய்ப் பின்வரிசையில் மாட்டிக்கொண்டவன் கழுத்து நீளுமே, அப்படி ஒரு நீளம். வளர்ச்சி என்று நினைத்துப் பூரித்தேன். வெளிச்சம் போதாமல் வெளிச்சத்தைத் தேடி எட்டுகிற நாற்றுதான் அப்படி நீளுமாம். நான் பெருமையோடு அடிஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தது அதன் பட்டினியை.

தக்காளியில் ஒரு நல்ல குணம், தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அந்த இடத்திலும் வேர் விடும். நீண்டுபோன நாற்றைக் கழுத்துவரை புதைத்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். அப்படித்தான் என்னுடையவையும் பிழைத்தன. என் யோசனை எதுவும் இல்லாமல் நடந்த முதல் நல்ல காரியம் அது, அதனால்தான் நடந்தது.

க்ரோ பேக்குக்கு மாற்றி மாடியேற்றினேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியது. பாக்கெட்டில் 'ஃபுல் சன், 6 முதல் 8 மணி நேரம்' என்று இருந்தது. கொடுத்தேன். அதை எழுதியவர் மே மாதம் சென்னை மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நின்றதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பச்சை நிழல்வலை கட்ட வேண்டிய இடத்தில் நான் கட்டியது என் பெண் எழுதிய 'கார்டன் ஜோன்' என்ற போர்டு.

ஆச்சரியம், பூத்தது! மஞ்சளாகக் குட்டி குட்டி நட்சத்திரங்கள். போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். மாமனார் கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாள் காலை மாடிக்குப் போனால் பூவெல்லாம் தரையில். தக்காளிப் பூவின் காம்பில் நடுவே ஒரு கணு இருக்கிறது, செடிக்குப் பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் சுத்தமாகக் கழற்றிவிட்டுவிடும். எந்த ஆபீஸிலும் இவ்வளவு நாசூக்காக வேலையை விட்டு எடுப்பதில்லை.

மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று நோயைக் கண்டுபிடித்தேன். தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைந்து கிடக்கும். அதிர்வு கொடுத்தால்தான் உதிரும். கூடு கட்டும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருப்பாகக் கொழுகொழுவென்று வருமே தச்சுத் தேனீ, அதற்கும் நீலப் பட்டை போட்ட இன்னொரு தேனீக்கும் தெரியும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உலுக்கும். வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் இதற்காகவே பம்பிள்பீ தேனீக்களைப் பெட்டி பெட்டியாக விலைக்கு வாங்கி விடுகிறார்கள். எங்கள் மாடிக்கு வந்ததெல்லாம் காக்காய்.

தேனீ இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் டூத் பிரஷ் போதும் என்று படித்தேன். காலை ஏழு மணிக்கு மாடியேறி ஒவ்வொரு பூவின் பின்னாலும் பிரஷ்ஷை வைத்து 'ர்ர்ர்' என்று ஓட்டினேன். வடாம் பிழிய வந்த மூன்றாவது மாடி மாமி, பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குழந்தைகளுக்குத் தேய்ச்சு விடறது பத்தாதுன்னு இது வேறயா சார்?" என்றார்.

அந்த பிரஷ் என் மனைவியுடையது என்பது இரவில்தான் தெரியவந்தது. அதாவது அவளுக்கு.

உண்மையில் பூவின் மேல் தப்பில்லை, தேனீ மேலும் இல்லை. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரியும் குளிராமல் புழுங்கினாலோ தக்காளியின் மகரந்தமே கெட்டுவிடும். ராத்திரி இருபது டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்குச் சுகம். மே மாதச் சென்னையில் விடிகாலை கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். அந்த மகரந்தத்தை பிரஷ்ஷால் ஆட்டினாலும் ஒன்றுதான், கிரைண்டரில் போட்டு ஆட்டினாலும் ஒன்றுதான்.

இதற்குள் பதற்றத்தில் காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றியிருந்தேன். ஈரத்தை விடாத கோகோபீட்டில் வேர் மூச்சுத் திணறியது. மேலே காய்ச்சல், கீழே வெள்ளம். கத்திரி வெயில் முடிவதற்குள் செடிகள் முடிந்துவிட்டன. ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டும் கடைசிவரை வாடாமல் நின்றன.

மாமனார் போன் செய்தார். "மாப்பிள்ளை, காய் பிடிச்சுதுங்களா?"

"இல்ல மாமா. காஞ்சு போச்சு."

"எந்த மாசம் போட்டீங்க?"

"சித்திரை ஒண்ணாந்தேதி. நல்ல நாள்."

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. "நல்ல நாளுதானுங்க மாப்பிள்ளை" என்றார். "இந்த ஊர்நாட்டுல, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க." மாமனார்கள் மாப்பிள்ளையைத் திட்டுவதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எந்த மாதத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்று பாக்கெட்டை சாமியிடம் ஒப்படைத்தேனோ, அந்த மாதத்தில்தான் விதைத்திருக்க வேண்டும். இல்லாத நம்பிக்கையையும் தப்பான விஷயத்துக்குச் செலவு செய்தவன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவிடம் சொன்னேன். "நான் கல்யாணத்துக்குச் சொன்னேன்டா, கத்திரிக்காய் தக்காளிக்கா சொன்னேன்?" என்றார்.

அடுத்த ஆடியில் மறுபடி விதைத்தேன். ஈரம் படாமல் வைத்தால் தக்காளி விதை நாலு வருஷம்வரை முளைக்கும், பாக்கெட் வீணாகவில்லை. இந்த முறை செம்மண், மண்புழு உரம், அலசிய கோகோபீட், மேலாக விதைப்பு, காலை வெயில். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும்.

சத்து கொடுக்கலாம் என்று மீன் அமிலம் தயாரித்தேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி நிழலில் வைத்தால் வாரங்கள் கழித்துத் தேன் நிறத்தில் சாறு இறங்கும். முறையாகச் செய்தால் பழவாசனைகூட வரும் என்கிறார்கள். வெல்லம் விற்கிற விலையில் சம எடை எதற்கு என்று நான் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொண்டேன். நிழலுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வெயிலில் வைத்தேன். எங்கள் தெருவில் இத்தனை பூனைகள் இருப்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

அபார்ட்மென்ட் கூட்டத்தில் செகரட்டரி சார் பொதுவாகப் பேசினார். "யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலை. மாடியில ஏதோ செத்துக் கிடக்குன்னு நாலு நாளா தேடறோம்" என்றார். வாட்ச்மேன் அண்ணன் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தேடுதல் குழுவில் என் பெயரையும் போட்டார்கள்.

ஆனாலும் கழித்துக் கொட்ட மனம் வரவில்லை. லிட்டருக்கு ஐந்து, பத்து மில்லி கலப்பதற்குப் பதில் ஒரு டம்ளர் கலந்து ஊற்றினேன். தழைச்சத்து ஏகத்துக்கும் ஏறி, செடி கரும்பச்சையில் புதராக மண்டியது. பூ? கிடையாது. அவ்வளவு சாப்பாடு தடையில்லாமல் கிடைத்தால் அது ஏன் பிள்ளை குட்டியைப் பற்றிக் கவலைப்படப் போகிறது? வீடியோ காலில் காட்டினேன். "நல்லா இருக்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். சற்று நிறுத்தி, "இலை" என்றார்.

புதரைக் குறைக்கலாம் என்று கத்தரிக்கோலோடு போனேன். நம்மூர் பி.கே.எம்.1 தக்காளி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம், குட்டையாகப் படர்ந்து ஒரு கட்டத்தில் தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். செர்ரி வகைகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. ஆறடி, ஏழடி என்று போய்க்கொண்டே இருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே அக்குளில் கிளம்பும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். பார்த்துப் பார்த்துக் கிள்ளினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அக்குள் கிளைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. செடியின் தலை என் கையில் இருந்தது.

அடுத்து மாவுப்பூச்சி. இதைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும், அதுதான் ஆபத்து. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் தமிழ்நாட்டு விவசாயிகளை ஒரு வழி பண்ணிவிட்டது. கடைசியில் அதை அடக்கியது மருந்து இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி. பூச்சிக்குப் பூச்சிதான் எதிரி, இயற்கையிடம் விட்டுவிட வேண்டும் என்று ஆபீஸ் கேன்டீனில் எல்லோருக்கும் விளக்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இயர்பட்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருந்தவற்றில் சில மட்டும் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடின. கூட்டத்துக்குத் தலைவர்கள் இவர்கள்தான் என்று கணித்து முதலில் அவற்றைத் தேடித் தேடி நசுக்கினேன். அவை மாவுப்பூச்சி இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள், மாவுப்பூச்சியைத் தின்கிறவை. வெள்ளை மெழுகு வேஷம் போட்டுக்கொண்டு இரைக்கு நடுவிலேயே திரியும். காபித் தோட்டத்துப் பூச்சியைத் தின்பதற்காக இந்தப் பொறிவண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டுக்கு உழைத்த ஒரு குடும்பத்தை நான் இயர்பட்ஸால் முடித்துவைத்தேன்.

உங்களுக்குப் பயன்படட்டும் என்று சொல்கிறேன்: ஓடினால் நண்பன், உட்கார்ந்தே இருந்தால் எதிரி. எங்கள் வீட்டில் இந்த விதி எனக்கும் பொருந்துகிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

வெள்ளை ஈக்காக மஞ்சள் ஒட்டுப்பொறியும் தொங்கவிட்டேன். இலைச்சுருள் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அந்த ஈதான். மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பொறியைச் சரியாகத் தலை உயரத்தில் கட்டினேன். அதில் முதலில் ஒட்டியது வெள்ளை ஈ இல்லை. எனக்கு மிச்சமிருக்கிற முடியில் இவ்வளவு போனது பற்றி சலூன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேலை மிச்சம்.

ஒரு வழியாக இலையை மீறிக் காய்த்தது. பச்சைக் கோலிகள் கொத்தாகத் தொங்கின. ஒன்றிரண்டு சிவந்தன. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலைக் கவிழ்த்துவைத்து நவீனப் பாசனம் அமைத்துவிட்டுப் போனேன். ஓட்டை அடைத்துக்கொண்டது. செடி காய்ந்து கிடந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. வறண்ட வேர் திடீரென்று தண்ணீரைக் குடித்தால் பழம் உள்ளே உப்பும், தோல் தாங்காது. திரும்பி வந்து பார்த்தால் எல்லாப் பழமும் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

வெடிக்காதவற்றை அணில் எடுத்துக்கொண்டது. முழுதாகத் தின்றாலும் மனசு ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து, ருசி பார்த்து, கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் செர்ரி தக்காளியின் தரம் பற்றி வந்த முதல் விமர்சனம் அது.

மார்கழிப் பனி இறங்கியது. ராத்திரியில் இருபது, இருபத்தொன்று என்று சென்னை கொஞ்சம் இரக்கம் காட்டும் மாதம். நான் எதுவும் செய்யவில்லை. ஊற்றுவதற்கு மீன் அமிலமும் மிச்சம் இல்லை. காய் பிடித்துப் பழுத்தது, அணிலுக்கு முன்னால் எழுந்து பறித்தேன். ஒரு கைப்பிடி. சின்னக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சர்ச்சை வந்தது. இது பழம், அப்படியே சாப்பிட வேண்டும் என்றாள் பெண். காய்கறி, ரசத்தில்தான் போட வேண்டும் என்றார் அம்மா. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-லேயே ஒரு சுங்க வரி வழக்கில் தக்காளியைக் காய்கறி என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. தாவரவியல் என்ன சொன்னாலும் ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், டெசர்ட்டாக இல்லை என்று காரணமும் சொன்னது. இதை நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் ரசம் கொதித்துவிட்டது.

ரசத்துக்குத் தக்காளியைக் கையால் பிசைவதுதானே வழக்கம். செர்ரி தக்காளியைப் பிசைய முடியாது, பீய்ச்சும். அம்மாவின் கண்ணாடியில் ஒன்று, காலண்டரில் முருகர் மேல் ஒன்று. மிச்சம் ரசத்தில் தோலாக மிதந்தது. "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்றேன். "தக்காளி போடவே இல்லன்னு நினைச்சுக் கரைச்சேன்" என்றார் அம்மா.

கணக்கும் பார்த்தேன். வில்லியம் அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வேலி, மின்கம்பி என்று செய்த செலவையெல்லாம் கூட்டி, ஒரு தக்காளிக்கு 64 டாலர் ஆயிற்று என்று 2006-ல் புத்தகமே போட்டிருக்கிறார். அவர் அதிலும் கொஞ்சம் சம்பாதித்திருப்பார். நான் க்ரோ பேக், கோகோபீட், ஒட்டுப்பொறி, புது டூத் பிரஷ் என்று எழுதிக்கொண்டே வந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள். கூட்டலை நிறுத்திவிட்டு, அது மாமனார் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான் லிஸ்ட் என்றேன்.

பொங்கலுக்கு அவரே வந்துவிட்டார், பஸ்ஸில், ஒரு பெட்டித் தக்காளியோடு. பதினாலு, பதினைந்து கிலோ பிடிக்கிற பெட்டி. "விலை இறங்கிடுச்சுங்க மாப்பிள்ளை. பறிக்கிற ஆளுக்குக் கூலி குடுத்தா கட்டாது. அப்படியே விட்டா மாடு ஆடு மேயும். அதான் நம்ம வீட்டுக்காச்சும் ஆகட்டும்னு" என்றார். ஏறினால் நாம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். இறங்கினால் அவர் பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். விலை சரியாக இருக்கிற நாள் எது என்று கேட்டேன். "விக்கிறதுக்கு மொத நாளுங்க" என்றார்.

அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். ஒரு செர்ரி பறித்து வாயில் போட்டுக்கொண்டு, "ருசியாத்தான் இருக்குதுங்க" என்றார். அப்புறம் ஒன்றும் பேசாமல் பழுத்த இலைகளைக் கழித்தார், இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி எட்டு வடிவத்தில் மாற்றிக் கட்டினார், பையின் அடியில் ஓட்டைகள் போட்டார். தேங்கியிருந்த தண்ணீர் வடிந்து மாடியெல்லாம் ஓடியது. ஓட்டை போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பையில் அந்த இடத்தில் வட்டம் மட்டும் போட்டிருந்தார்கள்.

அவர் ஊருக்குப் போன பிறகு அந்தச் செடி பங்குனிவரை காய்த்தது. ஒவ்வொரு கொத்தையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன், 'ஆர்கானிக், ஹோம்க்ரோன்' என்று தலைப்புக் கொடுத்து. மாமனார் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினார். பெரிய மனுஷர்.

இப்போது மாடித் தோட்டம் வைக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அந்தப் போட்டோக்கள் செய்த வேலை. நானும் மண் கலவை, தழைச்சத்து, மகரந்தம் என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பாக்கெட்டில் இன்னும் விதை மீதமிருக்கிறது. வேண்டுமென்றால் ஆடிக்குள் வந்து விதையை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே நான் கொடுக்கும் அட்வைஸை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.